மார்கழிக்கு முன்னால் ஒரு சேசிஸ்

நவம்பர் 22, சனி

எங்கள் வீட்டில் இன்று ஒரு வீடு முடிவானது. சக்கரம் வைத்த வீடு. சினிமாக்காரர்கள் அதைக் கேரவன் என்கிறார்கள். அப்பா 'வண்டி வூடு' என்கிறார். அம்மா 'அந்தச் சனியன்' என்கிறாள். முடிவானது சனிக்கிழமை என்பதால் அம்மா வைத்த பெயரும் பொருந்தத்தான் செய்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் நெல்லை விட நெல் அறுக்கும் மிஷின்கள் அதிகம். எங்களிடமும் ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் எல்லா மிஷினும் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிடும். பங்குனி வரை ஊர் ஊராக அறுப்பு. அப்பா வருஷா வருஷம் போகிறார். மிஷினுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுப்பார். போன தடவை சேற்றில் கால் கிழிந்தது கூடத் தெரியாமல் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சர்க்கரை முற்றினால் காலில் வலி தெரியாதாம். திரும்பி வந்தபோது இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் இப்போது மொத்தம் ஐம்பத்தெட்டு விரல்.

இனிமேல் தனியாகப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேளைக்கு ஊசி, வேளைக்குச் சோறு, தினமும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். போகாவிட்டால் மிஷினை விற்க வேண்டும். சேலத்துக்காரர் ஒருவர் ஏற்கனவே வந்து மிஷினை வலம் வந்துவிட்டுப் போனார். அவர் பைக் சீட்டில் நாயுருவி விதை தூவியது யார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

ஆக, அம்மா கூடப் போக வேண்டும். அம்மா டிராக்டர் ஓட்டுவாள். அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம். ஆனால் அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "உள்ள தாப்பா போடற கதவும் கக்கூசும் இல்லாம நான் எந்த ஊருக்கும் வரமாட்டேனுங்க."

அப்பா அசரவில்லை. பழைய டிரெய்லரின் சேசிஸ், அதாவது சக்கரத்தோடு இருக்கிற அடிச்சட்டம், ஒன்று வாங்கி, அதன் மேல் பட்டறையில் வீடு கட்டி, டிராக்டரில் மாட்டி இழுத்துக்கொண்டு போவதாக முடிவு. மார்கழியில் எங்கள் வீட்டில் வண்டி வாங்க மாட்டார்கள். தையில் வாங்கினால் கட்ட நேரமில்லை. எனவே கார்த்திகை முடிவதற்குள் சேசிஸ் வாசலில் நிற்க வேண்டும்.

அந்த மூன்று மாதம் நான் எங்கே இருப்பேன் என்று யாரும் பேசவில்லை. எனக்கும் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பாவும் நானும் மூன்று பழைய இரும்புக் கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் இருந்ததன் அச்சு வில்லாக வளைந்திருந்தது. அம்பு மட்டும்தான் பாக்கி. இரண்டாவதில் இருந்ததைச் சேசிஸ் என்று கடைக்காரர் மட்டும் நம்பினார். மூன்றாவதில் ஒரு நாய், நாலு குட்டி. வேறு எதுவும் நினைவில்லை.

நவம்பர் 29, சனி

அம்மாவின் நிபந்தனைகள் வளர்கின்றன. கதவு, கக்கூசு ஆயிற்று. பிறகு ஊசி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க இடம். பிறகு ஜன்னல். பிறகு ஜன்னலுக்கு வலை. அப்பா எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். இன்று காலை, ஓடும்போது ஆடாமல் இருக்க வேண்டும் என்றாள். ஆடாத வண்டி வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்திக் குடியிருக்கலாம் என்றேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். "அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

புரோக்கர் கந்தப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை ஸ்கூட்டர். பேச்சு மட்டும் கலர் கலராக வரும். அவர் குடோனில் ஒரு சேசிஸ் நின்றது. கிளிப்பச்சைப் பெயிண்ட். நாலு டயரும் புதிது போல் கறுப்பு. அப்பா பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அதன் எதிரில் நின்றார்.

நான் கையோடு பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கொண்டு போயிருந்தேன். இரும்பில் ஒட்டும். வெடிப்பை மறைக்கப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. நீளக் கம்பிகளில் எல்லாம் 'டக்' என்று ஒட்டியது. டிராக்டரோடு மாட்டுகிற மூக்குப் பகுதியில் வைத்தேன். கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. பட்டி தொட்டியெல்லாம் சுற்றி வந்தால் கடைசியில் இங்கேயும் பட்டிதான்.

காந்தத்தில் சக்தி போய்விட்டது என்றார் கந்தப்பன். அப்படியா என்று அதை அவர் ஸ்கூட்டரில் கால் வைக்கும் தகரத்துக்கு அடியில் ஒட்டி, அதில் அவருடைய சாவிக்கொத்தையும் ஒட்டிவிட்டேன். சாவி எங்கே என்று அவர் அரை மணி நேரம் தேடினார். சக்தி இருக்கிறது.

அப்பாவுக்குக் கோபம். "அம்மிணி, பெரிய மனுசங்ககிட்ட இந்தச் சேட்டையெல்லாம் வேண்டாம்" என்றார். பச்சை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் 3, புதன்

பள்ளிக்கூட ஹாஸ்டல் பக்கம் சும்மா போனேன். வார்டன் மேடம் என்னைப் பார்த்ததும் மணியடிக்கும் கட்டையை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். போன வருஷம் நான் மூன்று மணிக்கே நீள மணி அடித்து மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பிய கதை அவருக்கு மறக்காது போல. மூன்று மாதத்துக்கு இடம் கிடைக்குமா என்று ஒரு தோழிக்காகக் கேட்டேன். தோழி பெயர் என்ன என்றார். வேறு பெயர் வாயில் வராமல் என் பெயரையே சொன்னேன், மௌனிகா என்று. அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அம்மாவைக் கூட்டி வந்து பேசச் சொன்னார்.

சாம்பாரில் பருப்பைத் தேட ஆள் வைக்க வேண்டும். மற்றபடி மோசமில்லை.

டிசம்பர் 6, சனி

இரண்டாவது வண்டி கிடைத்தது. நாலு மைல் தள்ளி ஒரு தோட்டத்தில், ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்த டிரெய்லர். மேலே இருந்த பலகையெல்லாம் போய், சேசிஸ் மட்டும். முழுக்கத் துரு. துருவித் துருவிப் பார்த்தேன்: ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் மேல் தோல் உதிர்கிறது, உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கிறது. சுத்தியலால் தட்டினேன்; கோயில் மணி மாதிரி 'டங்ங்' என்றது. குலுக்கலைத் தாங்கும் வில் பட்டையில் ஒன்று உடைந்திருக்கிறது. அது மாற்றக்கூடியது.

அப்பா கிட்டவே வரவில்லை. தோட்டத்துக்காரர் ஆடி மாதம் இறந்துபோயிருக்கிறார், மருமகள்தான் விற்கிறாள். ஆள் போன வீட்டு வண்டி வேண்டாம் என்கிறார் அப்பா. இந்த வண்டியால் அவர் சாகவில்லை, எண்பது வயதில் தூக்கத்தில் போனார் என்று அந்த அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கரும்பு வண்டி, சர்க்கரைக்காரர் ஏற மறுக்கிறார். இந்த ஜோக்கை அப்பாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மணி அடித்த குற்றத்துக்குப் பி.டி. சார் எனக்குத் தந்த தண்டனை, ஒரு மாதம் கபடிக் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது. கோர்ட் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு: ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடி, பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் அதே கயிற்றைப் பிடி, இரண்டும் ஒன்றாக வந்தால் நேர், இல்லாவிட்டால் கோணல். தண்டனையில் இப்படியும் ஒரு லாபம்.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் இரண்டு வண்டியையும் அளந்தேன். துருவில் இரண்டு அளவும் ஒன்று. பச்சையில் நாலு விரல்கடை வித்தியாசம். எங்கேயோ அடிபட்டு முறுகியிருக்கிறது. அதன் மேல் வீடு கட்டினால் ரோட்டில் நண்டு மாதிரி போகும்.

அப்பா பாதி நம்பினார். நாலு விரல்தானே என்றார். விரலை லேசாகச் சொல்வது யார் பாருங்கள். மீதிப் பாதிக்கு, வெள்ளிக்கிழமை அங்காளம்மனிடம் பூக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார்.

அம்மா இதற்கு உடனே சம்மதித்தாள். கயிற்றை அவிழ்த்ததற்காகத் திட்டவும் இல்லை. கவனித்துக்கொள்ளவும்.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. ஆங்கிலத்தில் 'உன் கனவு இல்லம்' பற்றிக் கட்டுரை. கழிப்பறையோடு நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பூக் கேட்பது எப்படி என்றால், ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். நினைத்துக் கேட்டுவிட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம்.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துத் தையல் நூலால் கட்டினேன். ஆத்தாளுக்குச் சேசிஸ் பற்றி எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அதனால் சின்ன உதவி. தட்டைக் கொடுத்ததும் அம்மா வாங்கிக்கொண்டாள்.

அப்பா கண்ணை மூடி, கரும்பு வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். பூசாரியின் சின்ன மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

மீதிப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்குள் மடியில் போட்டுக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் பின்னால் ஓடினேன். பிரித்தால் அதிலும் செவ்வரளி. ஆத்தா என் பூவை மாற்றிவிட்டாள் என்று நிஜமாகவே நம்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை போட்டுக்கொள்ளும்போதுதான் கட்டைப் பார்த்தேன். என் தையல் நூல் இல்லை. வாழைநார். எங்கள் வீட்டில் வாழைநாரில் பூக் கட்டுவது ஒரே ஒரு ஆள்.

திரும்பி வந்தால் அப்பா முகம் தெளிந்து நிற்கிறார். "ஆத்தா துரு வண்டிய வேண்டாங்கறா. அப்பப் பச்சையத்தான் எடுக்கச் சொல்றா. ஞாயித்துக்கெழம முடிச்சரலாம்" என்றார்.

அம்மாவின் கையில் இருந்த தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குங்குமம் கொட்டியது.

டிசம்பர் 13, சனி

அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாழைநார் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். உனக்குத் தையல் நூல் எங்கே கிடைத்ததோ அங்கேதான் என்றாள். கொஞ்ச நேரம் பால் மட்டும் பேசியது.

பிறகு அவளே சொன்னாள். "நீ ரெண்டும் வெள்ள வெச்ச. நான் ரெண்டுஞ் செகப்பு வெச்சேன். ஆத்தா மேல ஆருக்கு நம்பிக்கை கம்மின்னு நீயே சொல்லு."

துரு வேண்டாம் என்று வந்தால் அப்பா பயந்துபோய் இந்த வீட்டு யோசனையையே விட்டுவிடுவார் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். பச்சையை மறந்துவிட்டாள். ஜன்னல், வலை, ஆடக்கூடாது எல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் இவ்வளவு மக்காக இருந்திருக்க வேண்டாம்.

"ஏம்மா, உனக்கு அப்பாகூடப் போகப் பிடிக்கலையா?"

"உன்ன எங்கடி உட்டுட்டுப் போவேன்? சித்தி வூட்டுல உன்ற வாய்க்கு ரெண்டு நாள் தாங்காது."

ஹாஸ்டலில் கேட்டுவிட்டேன் என்றேன். அம்மா வந்து பேசினால் போதும் என்றார்கள், சாம்பார் சுமார், கட்டில் இருக்கிறது, மணியைப் பூட்டி வைக்கிறார்கள், எல்லாம் சொன்னேன். அம்மா மடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மாடு திரும்பிப் பார்த்தது.

"போயிக் கேட்டே போட்டியா?"

"அப்பா கால்ல எட்டு விரல்தாம்மா இருக்கு" என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன். அதற்கு மேல் வரவில்லை. மௌனிகா என்று எனக்குப் பெயர் வைத்து ஏமாந்தவர்களுக்கு, பதினாறு வருஷம் கழித்து முதல் தடவையாக அது பலித்தது.

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அதில் பால் வாசனை. சளி பிடித்திருக்கிறது, மார்கழி வருகிறதல்லவா.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் அப்பாவின் காலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கால் அவள் கையில் இருந்ததால் அவரால் எழுந்து போக முடியவில்லை. நல்ல திட்டம், நான் குறித்துக்கொண்டேன்.

அப்பா கத்துவார் என்று கதவுப் பக்கம் நின்றேன். அவர் சுவரையே பார்த்தார். கடைசியில், "அப்ப ஆத்தா இன்னும் வாயே தொறக்கல. வூட்டுப் பொம்பளைக ரெண்டு பேருந்தான் பேசியிருக்கீங்க" என்றார். மறுபடி போய்க் கேட்கலாமா என்றாள் அம்மா. ஏமாற்றினவர்கள் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றார். எங்கள் இருவரையும் கோயிலுக்கு அனுப்பித் தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொன்னார். என் தேங்காய் கோணலாக உடைந்தது.

நாங்கள் வந்தபோது அப்பா துணிக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு முனையை அவரே பிடிப்பதாகச் சொன்னார்.

கந்தப்பன் குடோனில் எங்களுக்காகக் காபி வாங்கி வைத்திருந்தார். அப்பா காபியைத் தொடவில்லை. குனிந்து, நொண்டி நொண்டி நாலு மூலைக்கும் போய்த் தானே அளந்தார். நாலு விரல்கடை. சுத்தியலை எடுத்துச் சேசிஸின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். பச்சைத் தோல் அப்பளம் மாதிரி பெயர்ந்தது, அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் வெல்டிங் விட்டுப்போன வெடிப்பு, என் நகம் போகிற அகலம்.

அது சும்மா பெயிண்ட் கோடு என்றார் கந்தப்பன்.

அப்பா நிமிர்ந்தார். "ஏனுங்க, இந்தக் கோட்ட நம்பி என்ற பொண்டாட்டியத் தஞ்சாவூரு வரைக்கும் இழுத்துட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். கந்தப்பன் அந்தக் காபியைத் தானே குடித்துவிட்டார்.

அங்கிருந்து நேராக ஆட்டுக் கொட்டகை. அப்பா மறுபடி கொஞ்சம் தயங்கினார். செத்தவர் கட்டிலில்தானே செத்தார், அப்போது இனிமேல் கட்டிலிலும் படுக்காதீர்கள் என்றாள் அம்மா. தோட்டத்து அக்காவே சிரித்துவிட்டாள். அப்பா துரு வண்டியையும் அளந்தார். ஒன்று. திரும்ப அளந்தார். ஒன்றேதான்.

அதற்குப் பிறகு அம்மா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாக்கை வாங்கி, இரண்டு இரும்புக்கும் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். காலை நீட்டினாள். தலைப் பக்கம் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"இங்க நானு. அந்தப் பக்கம் அவிய. கால்மாட்டுல அடுப்பு" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். 'அவிய' என்றால் அப்பா. ஒரு ஆட்டுக்குட்டி ஏறி அடுப்பு இருக்கும் இடத்தில் நின்றது.

செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. நாங்கள் இருட்டுவதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

டிசம்பர் 17, புதன்

அம்மா ஹாஸ்டலுக்கு வந்தாள். வார்டன் மேடம் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சாப்பிடலைன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணிருங்க" என்றாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

பட்டறையில் தகரம் ஏறிவிட்டது. துரு போய்ச் சாம்பல் நிறப் பூச்சு. போகிற வருகிறவர்கள் ஷூட்டிங் எப்போது என்று கேட்கிறார்கள். கதாநாயகி அம்மா, வில்லன் சர்க்கரை, சண்டைக் காட்சி காலை மாலை இரண்டு வேளை ஊசியோடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 4, ஞாயிறு

கதவு வைத்தார்கள். அம்மா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. அப்பா பயந்து தட்டினார். "சத்தம் போடாதீங்க, நல்லாருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜனவரி 10, சனி

பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதச் சொல்லி அப்பா எனக்குப் பெயிண்ட் கொடுத்தார். 'ஒலி மட்டும் எழுப்பவும், ஆளை எழுப்ப வேண்டாம்' என்று எழுதினேன். அழித்துவிடுவார் என்று நினைத்தேன். படித்துவிட்டு, எழுத்தில் ஒரு கால் விட்டுப்போயிருந்ததை மட்டும் திருத்தச் சொன்னார்.

ஜனவரி 17, சனி

என் பெட்டியில் அம்மா ஒரு டப்பா நிறைய பருப்புப் பொடி வைத்திருக்கிறாள். அவள் பெட்டியில் நான் ஒரு ரப்பர் பல்லி வைத்திருக்கிறேன். சரிக்குச் சரி.

ஜனவரி 18, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள்.

முன்னால் மிஷினில் அப்பா. அவர் திரும்பித் திரும்பிக் கையை ஆட்டிக்கொண்டே போனார். காலில் புது ஷூ, உள்ளே அம்மா போட்டுவிட்ட இரண்டு ஜோடி சாக்ஸ். பின்னால் டிராக்டரில் அம்மா. அதற்குப் பின்னால் வீடு. நான் ஹாஸ்டல் பெட்டியோடு பைபாஸ் முனையில் நின்றேன், டவுன் பஸ்ஸுக்கு. கண்டிப்பாகப் பஸ்ஸுக்குத்தான்.

வேகத்தடையில் வீடு ஒரு தடவை குலுங்கிவிட்டு அமைதியாகப் போனது. இடப்பக்கமும் ஒதுங்கவில்லை, வலப்பக்கமும் ஒதுங்கவில்லை. டிராக்டரின் சக்கரம் போட்ட தடத்திலேயே அதன் சக்கரமும் போனது. பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒன்றுதான். அந்தப் பச்சை வண்டியாக இருந்திருந்தால் கோணலாகப் போயிருக்கும். ஓரத்தில் அம்மாவின் தலையாவது தெரிந்திருக்கும். இது அவ்வளவு நேர். ரோடு வளைகிற வரைக்கும் டிராக்டரை முழுக்க மறைத்துக்கொண்டே போனது. அம்மா திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.